தயவுசெய்து உணவு கொடுக்க வேண்டாம்

"அதெல்லாம் சரிங்க. பையனுக்குச் சாப்பாடு கொடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கீங்களே, சர்க்கரை வியாதியா?"

பலகையம்மா தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள்.

"யாருங்க பேசறது?"

"நான் பொண்ணுக்கு அத்தை. வரன் பார்க்கிற இதழ்ல உங்க தம்பி விவரம் வந்திருக்கே, அதைப் படிச்சோம். வீட்டுல எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இந்தச் சாப்பாடு விஷயம் மட்டும்தான் உறுத்துது."

"என்ன சாப்பாடு?"

"கடைசி வரிங்க. 'தயவுசெய்து உணவு கொடுக்க வேண்டாம், கண்ணாடியைத் தட்ட வேண்டாம்.' மாப்பிள்ளை கண்ணாடி போடுறவரா? போட்டா போட்டுட்டுப் போறார். அதை ஏங்க நாங்க தட்டப் போறோம்?"

பலகையம்மா கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தாள்.

அவள் வேலை பார்த்தது உயிரியல் பூங்காவில். எந்த விலங்கு எங்கே பிறந்தது, என்ன தின்னும், எதற்குக் கோபப்படும் என்று கூண்டுகளுக்கு முன்னால் பலகை வைத்திருப்பார்களே, அதில் இருப்பதெல்லாம் அவள் எழுதியது. அதனால்தான் அங்கே அவளுக்கு அந்தப் பெயர். போன வாரம் பூங்கா வாசலுக்கு எதிரே இருக்கும் அச்சகத்தில் இரண்டு தாள்களைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். ஒன்று, ஒராங்குட்டான் குரங்குக்குக் கட்டிய புதிய கண்ணாடிக் கூண்டின் பலகைக்கு. அந்தக் குரங்கைப் பூங்காவில் செம்பட்டை என்று கூப்பிடுவார்கள். இன்னொன்று அவள் தம்பிக்குப் பெண் தேடும் விளம்பரம். வரன் இதழும் அதே அச்சகத்தில்தான் அச்சாகிறது. செம்பட்டைக்கும் தம்பிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருவருமே தனிக்கட்டை.

கதவடியில் கிடந்த இதழை எடுத்துப் பிரித்தாள். தம்பியின் பதிவு எண்ணுக்கும் தன் தொலைபேசி எண்ணுக்கும் மேலே இப்படி இருந்தது:

"தனிமை விரும்பி. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், வராது. பகலின் பெரும்பகுதியை உண்பதில் கழிக்கும். நாள்தோறும் புதிதாகப் படுக்கை அமைக்கும். பழையதை எடுத்து வைக்காது. கண்ணில் படும் திருகாணியைப் பொறுமையாகக் கழற்றும், திரும்ப மாட்டுவதில்லை. மழை வந்தால் கைக்குக் கிடைத்ததைத் தலைக்கு மேல் பிடித்துக்கொள்ளும். உருவத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். இதுவரை யாரையும் கடித்ததில்லை. பூங்காவின் கிழக்குக் கோடியில் காணலாம். தயவுசெய்து உணவு கொடுக்க வேண்டாம், கண்ணாடியைத் தட்ட வேண்டாம்."

"அம்மா, கேளுங்க. இது என் தம்பி இல்ல. இது ஒராங்குட்டான்."

மறுமுனையில் அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க அண்ணியும் எங்க அண்ணனை அப்படித்தாங்க சொல்லுவாங்க!"

"இல்லீங்க, நிஜமாவே..."

"எல்லாரும் நல்லவர், வல்லவர்னு ஒரே பாட்டைப் பாடறாங்க. இருக்கறதை இருக்கற மாதிரி எழுதினது நீங்க ஒருத்தர்தான். அதுவும் வருவார், போவார்னு எழுதாம, வரும், போகும்னு! என்ன ஒரு அடக்கம்! வீட்டுல வச்சுப் பார்த்தா கூச்சமா இருக்கும்னு பூங்காவுக்கு வரச் சொல்லியிருக்கீங்க பாருங்க, அது இன்னும் நல்ல யோசனை. மத்தியானம் வந்துடறோம்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. உடனே அடுத்த அழைப்பு. அதற்கடுத்து இன்னொன்று. "கடிக்க மாட்டார்ங்கறது உறுதிதானே?" என்று ஒருத்தி கேட்டாள். முந்தைய அனுபவம் எதுவோ அந்தக் குரலில் இருந்தது.

தம்பி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவன் தொழில். வெளியில் எல்லா இயந்திரத்தையும் ஓடவைத்துவிட்டு வருவான். வீட்டில் அவன் கை பட்டது எதுவும் ஓடாது. அன்றைக்கும் மேசை மின்விசிறி பாகம் பாகமாகப் பிரிந்து கிடந்தது.

"உன்னைப் பத்தி இதழ்ல தப்பாப் போட்டுட்டாங்கடா. படிச்சுப் பாரு!"

அவன் படித்தான். மென்றான். மறுபடி முதலிலிருந்து படித்தான்.

"இதுல என்னக்கா தப்பு?"

"டேய்!"

"சரியாத்தானே இருக்கு." இன்னொரு ரொட்டியை எடுத்துத் தின்று முடித்தான். அவன் மௌனத்தில் ஒரு குடும்பமே குடித்தனம் நடத்தலாம். பிறகு சொன்னான்: "நீ போய் அச்சகத்துல யார்கிட்டயும் சண்டை போடாதே."

அந்த வாரத்தில் அவன் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். ஆனால் அதை நின்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. வேறொரு யோசனை முந்திக்கொண்டு வந்தது. இது இங்கே இருக்கிறதென்றால், அது எங்கே இருக்கிறது? புதிய கூண்டின் திறப்பு விழா இன்றைக்குத்தான்.

அவள் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது பலகையை மூடியிருந்த துணியை எடுத்தாகிவிட்டது. பூங்கா இயக்குநர் கத்தரிக்கோலும் கையுமாக நின்றார். அவருக்குப் பின்னால் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செம்பட்டை தாடையைச் சொறிந்தபடி உட்கார்ந்திருந்தது. அதன் தலைக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில்:

"நல்ல குணவான். நிரந்தர வேலை. எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாதவர். எல்லோரிடமும் கலகலப்பாகப் பழகுவார். வீட்டு வேலைகளில் கூடமாட உதவுவார். குடும்பப் பாங்கான, அனுசரித்துப் போகும் பெண் தேவை. அழகு முக்கியமில்லை."

எதையாவது செய்தாக வேண்டும். பலகையம்மா பலகைக்கு முன்னால் போய், எழுத்து தெரியாதபடி கையை விரித்துக்கொண்டு நின்றாள். அவள் உயரத்துக்கு மேல்பாதிதான் மறைந்தது. புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாளே என்று செம்பட்டை எழுந்து வந்து, கண்ணாடியை ஒட்டி அவள் தோளுக்கு நேராக உட்கார்ந்துகொண்டது. அவள் இடுப்புக்குக் கீழே "அனுசரித்துப் போகும் பெண் தேவை" என்பது பளிச்சென்று தெரிந்தது. கூட்டத்தில் அத்தனை கைபேசிகளும் ஒரே சமயத்தில் உயர்ந்தன.

"ஜோடிப் பொருத்தம் பிரமாதம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் பதறிப்போய்க் கூண்டுப் பராமரிப்பாளரைக் கூப்பிட்டாள். "அண்ணே, வேற ஏதாவது பலகை இருந்தா எடுத்துட்டு வந்து இது மேல மாட்டுங்க, சீக்கிரம்!"

அவர் கிடங்குக்குப் போய்க் கைக்குக் கிடைத்ததைக் கொண்டுவந்து மாட்டினார். "பராமரிப்பில் உள்ளது. விரைவில் பயன்பாட்டுக்கு வரும்." அது சின்னப் பலகை. அதற்குக் கீழே "குடும்பப் பாங்கான, அனுசரித்துப் போகும் பெண் தேவை" அப்படியே நின்றது.

சிரிப்புச் சத்தத்தில் கிளிக் கூண்டே கலவரமானது.

இயக்குநர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். மாத்தினது நீங்களா, அச்சகமா?"

"சார், நான் சரியாத்தான் கொடுத்தேன்னு நினைக்கிறேன்..."

"நினைக்கிறதெல்லாம் வேண்டாம். சாயங்காலத்துக்குள்ள கேட்டுட்டு வாங்க. உங்க தப்புன்னா நாளைக்கு நீங்க வர வேண்டாம். அவங்க தப்புன்னா, அந்த முதலாளிகிட்ட சொல்லி, டைப் அடிக்கிற பொண்ணை வேலையை விட்டு அனுப்பச் சொல்றேன். யாராவது ஒருத்தர் போயாகணும்."

அவள் தலையாட்டினாள். பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கும் வேலை. அதை விட்டால் அவளுக்கு வேறு எதுவும் எழுதத் தெரியாது.

அந்த நேரத்தில் உள்கதவைத் திறந்து பெண் ஒராங்குட்டானை விட்டார்கள். வேறொரு பூங்காவிலிருந்து வந்தது. இத்தனை நாளும் கம்பி வலைக்கு இரு புறமிருந்து பார்த்துக்கொண்டவை, இன்றுதான் ஒரே கூண்டுக்குள். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் தானாக அடங்கியது.

அது உள்ளே வந்து செம்பட்டையைப் பார்த்தது. செம்பட்டை அதைப் பார்த்தது. பிறகு இரண்டும் வேறு எங்கோ பார்த்தன. வெகு நேரம் எதுவும் நடக்கவில்லை. சொந்த வீடு உண்டா என்று அது கேட்கவில்லை. நான் கலகலப்பாகப் பழகுவேன் என்று இதுவும் சொல்லவில்லை. கலகலப்பு இல்லை என்பது மூஞ்சியிலேயே தெரிந்தது. கடைசியில் பெண் குரங்கு செம்பட்டையின் பழைய படுக்கைக் குவியலுக்குப் போய், அதிலிருந்து ஒரு கிளையை உருவி மோந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான். பெண் பார்க்கும் படலம் முடிந்தது.

பலகையம்மாவுக்குத் தான் வந்த வேலை மறந்துவிட்டது. எந்தப் பறவையும் தன் சிறகை இன்னொரு நிறத்தில் எழுதிக் கொடுப்பதில்லை. பக்கத்தில் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கின்றன. மனிதனுக்கு மட்டும் ஏன், தன்னைப் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் தானே ஒரு பலகையாகி நிற்க வேண்டியிருக்கிறது?

"நாங்க வந்துட்டோம்!"

தொலைபேசி அத்தை. கையில் வரன் இதழ். இதழையும் பலகையையும் மாறி மாறிப் படித்தாள். சின்னப் பலகையைத் தூக்கி, அடியில் இருந்ததையும் விடாமல் படித்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"இந்தப் பலகையில இருக்கறவர் எங்களுக்கு வேண்டாங்க. ஊரெல்லாம் இந்த மாதிரிதான் இருக்காங்க. இதழ்ல இருக்கறவரைக் காட்டுங்க."

"இதழ்ல இருக்கறவர் இவர்தாங்க." பலகையம்மா கண்ணாடிப் பக்கம் கையைக் காட்டினாள். செம்பட்டை கதவுக் கீலில் இருந்த திருகாணியை விரலால் நெருடிக்கொண்டிருந்தது.

அத்தை வெகு நேரம் பார்த்தாள். "அப்போ பலகையில இருக்கறவர் யாரு?"

பலகையம்மா திரும்பிப் பலகையை ஒரு முறை படித்தாள். கலகலப்பாகப் பழகும் தம்பி. வீட்டு வேலைக்குக் கூடமாட வரும் தம்பி.

"அப்படி ஒருத்தர் இல்லீங்க," என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே சுருக்கென்றது. செம்பட்டையைப் பற்றி எழுத அவள் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் எத்தனையோ நாள் உட்கார்ந்திருந்தாள். கண்ணால் பார்க்காத ஒரு சொல்லையும் எழுதவில்லை. தம்பியைப் பற்றி எழுதியது அடுப்பில் பால் பொங்குவதற்குள். அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனோ பக்கத்து அறையில் எதையோ கழற்றிக்கொண்டிருந்தான்.

அத்தை இதழை மடித்துப் பையில் வைத்தாள். "குரங்காவே இருந்தாலும் நல்ல குரங்கு," என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாள்.

அச்சகத்துக்குச் சாலையைக் கடக்கும்போது தூறல் விழுந்தது. உள்ளே டைப் அடிக்கும் பெண் மட்டும் இருந்தாள். அவளைப் பலகையம்மாவுக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். நிமிர்ந்து பார்த்து, "வாங்க மேடம்" என்பாள். அதற்கு மேல் பேச மாட்டாள். பெரிய நகலெடுக்கும் இயந்திரம் பக்கத் தகடு கழன்று நின்றது. திருகாணிகள் ஒரு தேநீர்க் கோப்பையில் கிடந்தன.

"மறுபடியும் ரிப்பேரா? போன வாரம் வந்தப்பவும் இப்படித்தானே இருந்துச்சு?"

"ஆமா மேடம். அடிக்கடி ஆகுது," என்றாள் பெண், தலையைத் தூக்காமல்.

பலகையம்மா இரண்டு தாள்களையும் கேட்டு வாங்கிப் பார்த்தாள். ஒன்றின் தலையில் "பலகைக்கு", இன்னொன்றின் தலையில் "இதழுக்கு". அவள் கையெழுத்துதான். குழப்பமே இல்லை. தப்பு அவளுடையது அல்ல.

நிம்மதி வர வேண்டிய இடம். வரவில்லை. எதிரே இருந்த பெண் ஒடிசலாக, மேசைக்குப் பின்னால் பாதி மறைந்து உட்கார்ந்திருந்தாள். இவள் வேலை போய்விட்டால்?

"காலையிலேர்ந்து எனக்கு ஃபோன் மேல ஃபோன்," என்றாள் மெதுவாக.

பெண்ணின் முகம் வெளுத்தது. "ஃபோனா? அதைப் படிச்சுமா? எத்தனை பேரு மேடம்?"

"எண்ணவே முடியல. ஒருத்தங்க நேரிலேயே வந்துட்டாங்க."

"பொண்ணைக் கூட்டிட்டா?" பெண் எழுந்தே நின்றுவிட்டாள்.

பயந்துவிட்டாள் பாவம், என்று பலகையம்மா நினைத்துக்கொண்டாள். "இங்க பாரும்மா, பயப்படாதே. வேலைக்கு ஆபத்து வராம நான் இயக்குநர்கிட்டப் பேசிக்கறேன். அவசரத்துல தாள் கை மாறிடுச்சு, அவ்வளவுதானே? யாருக்கும் நடக்கறதுதான்."

அப்போது கதவு திறந்தது. தலைக்கு மேல் ஒரு பழைய அட்டையைப் பிடித்துக்கொண்டு, நனைந்த சட்டையோடு, கையில் கருவிப் பெட்டியோடு தம்பி உள்ளே வந்தான். அக்காவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான். வரவுமில்லை, போகவுமில்லை.

அச்சகப் பெண் அவனைப் பார்த்தாள். கோப்பையிலிருந்த திருகாணிகளைப் பார்த்தாள். பிறகு பலகையம்மாவை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"கை மாறலீங்க, நான்தான் மாத்தினேன், நீங்க எழுதினதை அப்படியே போட்டிருந்தா இவரை யாராவது கொத்திக்கிட்டுப் போயிருப்பாங்களே, அண்ணி!"