பெரியப்பா வெட்டச் சொன்ன வரி

பெருமதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

வணக்கம். மாடியறையில் நான் நலம். கீழே நீங்களும் நலம் என்பது உங்கள் இருமலிலிருந்து தெரிகிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று கோபிக்க வேண்டாம். நேரில் வந்தால், நீங்கள் வாய் திறக்கும் முன்பே "சரிங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

உங்கள் பெரியப்பா போர்முனையிலிருந்தும், போர் முடிந்த பின் அந்நிய நாட்டுச் சலவைக்கூடத்திலிருந்தும் தன் தம்பிக்கு, அதாவது என் தாத்தாவுக்கு, எழுதிய கடிதங்களைப் புத்தகமாக்கும் வேலையை, வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் என்பதால் என்னிடம் கொடுத்தீர்கள். எல்லோரும் ஒருமுறை பார்க்கட்டுமே என்று தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன், அதுதான் நான் செய்த தப்பு, அவர் பீரங்கி சுட்டவர் என்று இத்தனை வருஷம் சொல்லிவந்த சித்தப்பா, "தினமும் உருளைக்கிழங்கு உரிக்கிறேன்" என்ற வரியைப் பார்த்ததும் வியர்த்துப்போய், "ஏம்மா, வாட்ச்மேன் வரைக்கும் பீரங்கின்னு சொல்லி வெச்சிருக்கேன், இப்ப கிழங்குன்னா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு கேட்டத் தாண்டுவேன்?" என்று கத்தரிக்கோலை எடுத்தார், அதைப் பிடுங்கிய அத்தை, "எங்கம்மாவ வாயாடின்னு எழுதியிருக்காரு பாரு, அவங்க அதிர்ந்துகூடப் பேச மாட்டாங்க" என்று தொடங்கி ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே வெட்டினார், நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அந்தக் காலத்து ராணுவத் தணிக்கை அதிகாரிகூட ஊர்ப் பெயர்களை மட்டும்தான் பிளேடால் எடுத்திருந்தார். அவருக்கு எதிரிகளிடம் பயம், நம்மவர்களுக்குச் சொந்தக்காரர்களிடம். முதல் கடிதத்தில் இப்போது மிச்சம்: "நலம். இங்கே மழை."

கடைசியாக நீங்கள். சலவைக்கூடத்துக் கடிதங்கள் ஒவ்வொன்றும் "நான் வரட்டுமா?" என்று முடிவதைக் காட்டி, "இத மட்டும் எடுத்துடும்மா. அவர் போனப்புறம் அவர் ரூம்லதான் எங்கப்பா அம்மாவோட குடித்தனம் வெச்சாரு. வாங்கன்னும் எழுத முடியல, வராதீங்கன்னும் எழுத முடியல, அப்படியே விட்டுட்டாரு. அவர் நம்மள மறந்துட்டாருன்னே இருக்கட்டும்" என்றீர்கள். வழக்கம்போல் சரி என்றேன்.

சொன்னபடியே எடுத்தாயிற்று. யார் மனமும் நோகாத புத்தகம் தயார். மொத்தம் பதினோரு பக்கம், அதில் நான்கு பக்கம் மழை.

பெரியம்மாவுக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் நோகாமல் இருக்க வேண்டும் என்பதே என் தினசரி வேண்டுதல். தயவுசெய்து படியேறி வந்துவிடாதீர்கள்.

தங்கள் சொல் தட்டாத,
மாடியறை மகள்

பின்குறிப்பு: மேசையில் வெட்டுப்பட்டவை எல்லாம் கலர் ஜெராக்ஸ். அசல் என் அலமாரியில் பத்திரம். ஒரு வரி விடாமல் தட்டச்சு செய்து அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். கிழங்கும் உண்டு, வாயாடியும் உண்டு, உங்கள் வரி பதினேழு இடத்தில் உண்டு. மறந்தவர் பதினேழு முறை கேட்பாரா, பெரியப்பா? அச்சகக்காரர் வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பார். கடைசிப் பக்கத்தைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். தாத்தாவால் எழுத முடியாத பதிலை நீங்கள் எழுதுங்கள், ஒரு வரி போதும். மாடிப்படியில் வைத்துவிட்டால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.