ஞாயிறு பத்து மணிக்காரர்

நம் ஊரில் ஒரு வகை மனிதர்கள் இருக்கிறார்கள். வயது நாற்பதை நெருங்கிவிட்டது. மனசு மட்டும் இன்னும் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டிவி முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். சைதாப்பேட்டை ஸ்டேஷனில் நீங்கள் போனில் ஏதாவது பார்த்துக்கொண்டிருந்தால், ஒருவர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, உச்சுக்கொட்டி, "இதெல்லாம் ஒரு ஷோவா தம்பி?" என்று ஆரம்பித்து, மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்பியது, கீழேயிருந்து "தெரியுது, தெரியுது... போச்சு!" என்று கத்தியது, சரியாகச் சண்டைக் காட்சியில் கரண்ட் போனது என்று எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் தன் ரயிலைத் தவறவிட்டுவிட்டு, அதற்கும் இந்தக் காலத்தையே திட்டுவார். கரண்ட் போனதில் என்ன பெருமை? கேட்டுப் பாருங்கள். "அந்த வெயிட்டிங்தான்பா சுகமே" என்பார்.

விளம்பரத்தைத் தள்ளிவிட்டுப் பார்க்கிற நாங்கள் உருப்படவே மாட்டோமாம்.

சாந்தோமில் இருக்கும் என் பெரியம்மா மகன் ஆஸ்வின் அண்ணன் இந்த இனத்தில் முதல் தரம். அவருடைய தொடர் 'மாயக்குடை'. குடையை விரித்தால் மறைந்துபோகிற, மடக்கினால் வெளுத்துவாங்குகிற வீரன் ஒருவனின் கதை. அண்ணனுக்கு வந்த வரன்கள் எல்லாம் அந்தக் குடையில் அடிபட்டே போயின. பெண் பார்க்கும் இடத்தில் படிப்பைக் கேட்கமாட்டார், வேலையைக் கேட்கமாட்டார். "மாயக்குடை வில்லனுக்கு எந்தக் கண்ணு போச்சு?" என்பார். பதில் தெரியாத பெண் வேண்டாமாம்.

போன மாதம் பெரியம்மாவோடு அடையாறில் ஜொவிட்டா என்ற ஆசிரியையின் வீட்டுக்குப் போனோம். போட்டோவிலேயே அண்ணனுக்குப் பிடித்துவிட்டது. "இது மட்டும் அமைஞ்சிடணும்டா" என்று ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் இனம் இனம்தானே? காபி வந்ததும் கேட்டுவிட்டார்.

"நான் பார்த்ததில்லைங்க" என்றார் ஜொவிட்டா. "ஞாயிறு பத்து மணிக்கு நாங்க சர்ச்ல பூசையில இருப்போம். நீங்க போகமாட்டீங்களா?"

பெரியம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னாம்மா இப்படிக் கேட்டுட்ட? ஒரு வாரம் வுட்டதில்ல. ஃபாதர் பக்கத்துல முட்டி போட்டு இவன்தான் மணி அடிப்பான்!"

"அப்போ சீரியலை எப்போ பார்த்தீங்க?"

"அது... காய்ச்சல் வந்தப்போ..."

"வாராவாரமாடா காய்ச்சல்?" என்றார் பெரியம்மா, தான் எந்தக் கட்சி என்பதையே மறந்து.

அண்ணன் விடவில்லை. சாட்சிக்குப் பள்ளித் தோழன் ஆசிஃபை போனில் பிடித்தார். ஸ்பீக்கரிலும் போட்டார்.

"மச்சி, நாம மாயக்குடை பார்த்தோம்ல?"

"நீ எங்கடா பார்த்த? திங்கக்கிழமை இன்டர்வெல்ல நான்தானே உனக்குக் கதை சொல்வேன்!"

"சரி, நீயாவது பார்த்தல்ல?"

"எங்க வீட்ல ஏதுடா டிவி? எதிர் வீட்டு ஜன்னல்ல பாதி தெரியும். மீதி நானா வுட்டது. அந்தக் கண்ணு மேட்டர்கூட சும்மா அடிச்சு வுட்டதுதான் மச்சி."

ஜொவிட்டா வாய்விட்டுச் சிரித்தார். கோபம் துளியும் இல்லாத சிரிப்பு. "பார்க்கலன்னே சொல்லிடுங்களேன். அந்தக் கதையைவிட இது நல்லா இருக்கு."

ஒரே ஒரு "ஆமாம்" போதும். கல்யாணமே அந்த ஒரு வார்த்தையைத்தான் நம்பி இருந்தது. அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவனுக்கு மறந்துபோச்சுங்க. நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

ஜொவிட்டாவின் சிரிப்பு நின்றது. "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று அவருடைய அப்பா எழுந்தார். திரும்பி வரும்போது அண்ணன் தீர்ப்பும் சொல்லிவிட்டார்: "அந்தப் பொண்ணுக்கு டேஸ்ட் இல்லம்மா."

அண்ணனுக்கு இன்னும் பெண் தேடிக்கொண்டிருக்கிறோம். அதனால் ஆட்களின் பெயர், தொடரின் பெயர், அதன் கதை எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். மாயக்குடை என்று ஒரு தொடர் எந்தச் சேனலிலும் வந்ததே இல்லை. படித்துக்கொண்டு வரும்போது, 'அட, இதை நானும் பார்த்திருக்கேனே!' என்று உங்களுக்கு ஒரு நொடி தோன்றியதா?

அப்படியென்றால், பெண் பார்க்கப் போகும்போது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.