தண்ணீரில் நீலம் எடுத்த பால்தி மிஸ்

பால்தி மிஸ்ஸின் வாளிக்குள் இல்லாத பொருள் கொல்கத்தாவிலேயே கிடையாது. லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மழலையர் பள்ளியில் சில வருடங்களுக்கு முன் நான் அவருக்கு உதவி ஆசிரியை. மற்றவர்கள் கைப்பையோடு வருவார்கள். அவர் சிவப்புப் பிளாஸ்டிக் வாளியோடு வருவார். குடை, டிபன் டப்பா, வருகைப் பதிவேடு, விழுந்த பால்பல்லைப் பொட்டலம் கட்டக் காகிதம், எல்லாம் அதற்குள். வாளிக்கு வங்காளத்தில் பால்தி. அவருடைய சொந்தப் பெயர் பதிவேட்டோடு சரி.

ஹோலிக்கு இந்த ஊரில் ‘தோல்’ என்று பெயர். உரித்தால்தான் சாயம் போகும் என்பதால் தமிழ்க் காதுக்கு அது பொருத்தமாகவே கேட்கும். அந்த வருடம் சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். தலைமையாசிரியை எங்களைக் கூப்பிட்டு, “எந்த வகுப்பிலாவது ஒரு துளி கலர் தெரிந்தால் அந்த மிஸ் வீட்டிலேயே இருக்கலாம்” என்று சொல்லிவிட்டார்.

தோலுக்கு முந்தின நாள் இருபத்தாறு குழந்தைகளும் உம்மென்று உட்கார்ந்திருந்தன.

“கலர்தானேடி கூடாதுன்னாங்க? விளையாடக் கூடாதுன்னு சொல்லலையே!” என்றார் மிஸ் என்னிடம் தமிழில். வாளியைக் காலி செய்து, குழாய்த் தண்ணீர் பிடித்து வந்தார். ஒரு பையன் கன்னத்தில் ஈர விரலை வைத்து, “என்ன கலர்?” என்று வங்காளத்தில் கேட்டார்.

“தண்ணி,” என்றான் அவன்.

“கண்ணை மூடிட்டுச் சொல்லு.”

மூடினான். யோசித்தான். “நீலம்!”

“ஐயையோ, ரொம்ப அடிச்சுட்டேனே!” என்று புடவைத் தலைப்பால் ஓரத்தை ஒற்றி எடுத்தார் மிஸ். அவ்வளவுதான், வகுப்பே வாளியில் விழுந்தது. சிவப்பு, ஊதா, கிளிப்பச்சை! ஒருத்தி ரசகுல்லா கலர்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை உள்ளே வந்தார். ஒரு வாண்டு ஓடிப்போய், அவர் புடவையில் இரண்டு ஈரக் கைகளையும் பதித்து, “பச்சை!” என்றது. மிஸ் பதறிப்போய், “மேடம், நல்ல புடவையாச்சே!” என்று தேய்த்துவிட்டார். தலைமையாசிரியை சுவரைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், புடவையை வெகுநேரம் பார்த்தார்.

“துவைச்சா போயிடுமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

விடுமுறை முடிந்ததும் நீலப் பையனின் அம்மா அவனைத் தரதரவென்று இழுத்து வந்தார். எங்கள் ஊர்க்காரர், தமிழிலேயே பொரிந்தார்.

“என்ன மிஸ் பூசினீங்க? மூணு நாளா குளிக்க மாட்டேங்கறான்! நீலம் போயிடுமாம். நான் பார்த்தா ஒரு மண்ணும் இல்ல!”

மிஸ் குனிந்து அவன் கன்னத்தை நிதானமாக ஆராய்ந்தார்.

“அம்மா, இது கெட்டிச் சாயம். சோப்புப் போட்டாத்தான் இன்னும் பளிச்சுன்னு ஆகும்.”

பையன் அம்மாவின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தான். “சீக்கிரம் வா, குளிக்கணும்!”

நான் வாயைப் பிளந்து நின்றிருந்தேன். மிஸ் கையில் டம்ளர் இருந்தது. அதில் விரலை நனைத்து என் கன்னத்திலும் ஒரு பொட்டு வைத்தார். “உனக்கு என்னடி கலர்?”

இருபத்து மூன்று வயதில் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அன்று சாயங்காலம், அந்த வியர்வையிலும், மெட்ரோவில் டாலிகஞ்ச் வந்து சேரும்வரை அந்தப் பக்கக் கன்னத்தை மட்டும் நான் துடைக்கவேயில்லை.