கூரையில் அண்ணன் மூக்கு

“இன்னிக்கு உன் அண்ணன் ரொம்பத்தான் முறைக்கிறார்” என்றார் கணவர், மல்லாந்து படுத்தபடி.

அடுத்த அறையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவள் காலை நிறுத்தவில்லை. “அவர் பாட்டுக்கு அவர் வீட்டுல இருக்கார். உங்களை எதுக்கு முறைக்கணும்?”

“வீட்டுலயா? ஃபேனுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல இருக்கார். வந்து பாரு.”

பாதி தைத்த பள்ளிச் சீருடையை ஊசியிலேயே விட்டுவிட்டு எழுந்து போனாள். அவருக்கு வேறு பொழுதுபோக்கு ஏது? ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாற்றப் போனவர், பல்போடு சேர்ந்து கீழே வந்திருந்தார். கால் ஓர் இடத்தில் முறிந்தது. மூக்குக்கண்ணாடி எத்தனை இடத்தில் என்று யாரும் எண்ணவில்லை, பெருக்கித்தான் அள்ளினாள். அன்றிலிருந்து மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடக்கிறார்.

“நின்னா தெரியாது. இங்க தலையை வை.”

அவர் தலையணையில் ஓரமாகத் தலை வைத்தாள். அவர் விரல் காற்றில் ஒரு வட்டம் போட்டது.

“அந்த மொட்டு இருக்கு பாரு, அதான் மூக்கு. அதுக்கு மேல புருவம். ரெண்டும் சேர்ந்து நெரிஞ்சு இருக்கா?”

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கூரை முழுக்க மொட்டு மொட்டாகத் தெளித்த பூச்சு. எந்த மொட்டை என்று பார்ப்பது? கண்ணைச் சுருக்கித் தேடினாள். சட்டென்று அகப்பட்டது. நுனியில் உருண்டு, ஆள் வருவதற்கு ஒரு நொடி முன்னால் வந்து சேரும் மூக்கு. அவள் அண்ணன் மூக்கேதான்.

“ஐயையோ!”

“நான் சொல்லல?”

“கண்ணாடிகூட இல்லாம எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?”

“கண்ணாடி எழுத்துக்கு. உன் அண்ணனைப் பார்க்க எதுக்குக் கண்ணாடி?”

“கடையிலேர்ந்து போன் வந்துதா?”

“லென்ஸ் வெளியூர்லேர்ந்து வரணுமாம். படுத்துக் கிடக்கிறவனுக்கு என்ன அவசரம்?”

அந்தக் கூரையில் வேறு யார் முகம் தெரிந்திருந்தாலும் அவள் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் அதைப் பூசியதே அண்ணன்தான்.

அண்ணன் பூச்சு வேலைக்காரர். தங்கை வீடு வாங்கியபோது, படுக்கையறைக் கூரையில் மயிரிழையாய் ஓடிய விரிசல்களை மறைக்கிறேன் என்று, மற்ற வேலையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு வந்து, கழுத்து பிடித்துக்கொள்ள நின்று, தன் கையால் தெளித்துக் கொடுத்தார். முடித்த அன்று உறவெல்லாம் சாப்பிட வந்திருந்தது. அண்ணன் கூரையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், காத்திருந்தார்.

மாப்பிள்ளைக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, அச்சுக்குப் போகிற தாளைப் பார்ப்பதுபோல ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்துவிட்டுச் சொன்னார்: “வீட்டுக்கு வேர்க்குரு வந்த மாதிரி இருக்கு, மச்சான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சாப்பிடாமலே கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு வருஷமாகிறது, படி ஏறவில்லை.

மறுநாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். ஊரார் எழுத்தையெல்லாம் திருத்துகிறவருக்குத் தன் வாயில் வந்த பிழையைத் திருத்த மட்டும் வரவில்லை. “விளையாட்டாத்தானே சொன்னேன்” என்று அவளிடம் சொல்லுவார். “அதை அவர்கிட்ட சொல்லுங்க” என்றால் பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொள்வார்.

அண்ணனும் லேசுப்பட்டவர் இல்லை. வாராவாரம் தங்கைக்குப் போன் செய்வார். மாப்பிள்ளையைப் பற்றி மூச்சு விடமாட்டார். “சீலிங் எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்பார், ஏதோ உடம்பு முடியாத சொந்தக்காரரை விசாரிப்பதுபோல. கால் முறிந்த செய்தியைச் சொன்னபோதும், “விழறப்ப சீலிங்குல எதுவும் படலையே?” என்றார். கூடவே, “அதுல மட்டும் ஒரு கத்தி பட்டுதுன்னு கேள்விப்பட்டேன், எனக்குத் தங்கச்சியே இல்லேன்னு நெனச்சுக்குவேன்” என்றும் சொல்லிவைத்தார்.

இரண்டு பேருக்கும் நடுவில் அவள், இரண்டு பக்கமும் தைத்த துணி மாதிரி மாட்டிக்கொண்டிருந்தாள்.

“இதை ஒண்ணு பண்ணிடு” என்றார் கணவர். “சுரண்டி எடு, இல்ல மேலயே பெயிண்ட் அடி. நாள் பூரா இவர் மூஞ்சியில முழிக்க என்னால ஆகாது.”

பெயிண்டரை வரவழைத்தாள். அவர் ஏணியில் ஏறி, விரல் கணுவால் தட்டிப் பார்த்து, இறங்கி வந்து, ஒரு தம்ளர் டீயையும் குடித்து முடித்துவிட்டு வாயைத் திறந்தார்.

“சுரண்டலாம். ஆனா வீடே மாவு மில்லு மாதிரி ஆயிடும். ஐயாவைத் தூக்கி வேற எடத்துல வைக்கணும்.”

“சரி, பெயிண்ட்?”

“அடிக்கலாம். மொட்டு மொட்டா இருக்கறதால ரோலர் சந்துக்குள்ள போகாது. ஈரம் ஏறிச்சுன்னா மொட்டு ஒண்ணொண்ணா ஐயா மேல உதிரும்.”

“அப்ப என்னதான் பண்ணறது?”

“ரெண்டும் பண்ணாம இருக்கலாம்” என்றவர் இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தார். “யாரு போட்டதும்மா இது? நல்ல கை.”

“அதான் பிரச்சினையே” என்றார் படுக்கையில் இருந்தவர்.

சுரண்டினால் அண்ணன் உறவு போச்சு. சும்மா விட்டால் கணவர் பொறுமை போச்சு. அவள் யோசித்தாள். முழுக்கூரைக்கும் எதற்குப் பெயிண்ட்? மூக்கு ஒன்றுதானே தொந்தரவு? ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயிண்ட் இருந்தது. ஏணியில் ஏறி, மூக்கின் மேல் மட்டும் இரண்டு பூச்சு கொடுத்தாள்.

கூரை இரண்டு வருஷத்தில் மங்கி, பழைய சட்டைக் காலர் நிறத்துக்கு வந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. நடுவில் பளீரென்று மூக்கு மட்டும் நின்றது.

“இப்ப எப்படிங்க இருக்கு?”

கணவர் மேலே பார்த்தார். 

“பவுடர் போட்டுக்கிட்டு வந்து முறைக்கிறார்.”

பளபளப்பைக் குறைக்க வேண்டும். மிஞ்சிய டீயில் துணியை நனைத்துப் பெயிண்ட் மேல் ஒற்றினாள். மூக்கின் நிறம் கூரையோடு ஒட்டவில்லை, டீதான் ஒட்டிக்கொண்டது. “ஐயோ, மூக்குக்குக் கீழ வழியுதே!” என்று அவள் கத்துவதற்குள் இருபுறமும் இறங்கிப் பழுப்பாகக் காய்ந்தது.

“இப்ப?”

“மீசை வெச்சுட்டியா என்ன? இப்பத்தான் போலீஸ்காரர் மாதிரி இருக்கார். எனக்கு பயமாவே இருக்கு.”

“நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்க!”

மீசையை மட்டும் எடுத்துவிடலாம் என்று சமையலறைக் கத்தியின் முதுகால் மெல்ல வழித்தாள். மெல்லத்தான் வழித்தாள். ஆனால் டீயில் ஊறிய பூச்சுக்கு அது தெரியுமா? மீசை வந்தது, மீசையோடு மூக்கு வந்தது, மூக்கோடு புருவம், கன்னம், நெற்றி எல்லாம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெயர்ந்து அவள் தலையில் விழுந்தது. ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலைமுடி, தோள், இமை எல்லாம் வெள்ளை.

“என்ன சத்தம்?”

“அண்ணன்... விழுந்துட்டார்.”

“எங்க?”

“என் தலையில.” அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “கத்தி படக் கூடாதுன்னு சொன்னாரே. இனிமே எனக்கு அண்ணனும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் உங்களாலதான்! ஒரு மூக்கைப் பார்த்துக்கிட்டு சும்மா படுத்திருக்க முடியல உங்களால!”

கணவர் தொண்டையைச் செருமினார். குரல் இறங்கியிருந்தது.

“அழாதே. அதே மாதிரி மறுபடி போட்டுட்டா ஆச்சு. யாரையாவது கூப்பிடு.”

“அந்த மாதிரி போட யாரால முடியும்? பெயிண்டரே நல்ல கைன்னாரு. அண்ணன் ஒருத்தராலதான் முடியும்.”

“அப்ப முடியாதுன்னு சொல்லு. உன் அண்ணனாவது வர்றதாவது.”

அவளுக்கு ரோஷம் வந்தது. ஏணியிலிருந்து இறங்கி, தலையைக்கூடத் தட்டாமல் போனை எடுத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்.

“அண்ணா, சீலிங்குக்கு அடிபட்டுடுச்சு.”

அந்தப் பக்கம் மூச்சு நின்றது. “எவ்வளவு பெரிசு?”

“ஒரு தட்டு அளவு.”

“ஈரமா, காஞ்சு இருக்கா?”

“ஈரம்.”

“யாரும் அதைத் தொடக் கூடாது. சொல்லிட்டேன்” என்று போனை வைத்துவிட்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளைக்குக் கால் முறிந்ததற்கு வராத மனிதர், கூரைக்கு என்றதும் டீ ஆறுவதற்குள் வந்து நின்றார். ஒரு கையில் வாளி, ஒரு கையில் பூச்சுக் கரணை, கக்கத்தில் பூச்சு மாவு மூட்டை. தங்கை முகத்தைக்கூடப் பார்க்காமல் படுக்கையறை வாசலுக்குப் போய், அங்கே கால் வராமல் நின்றார். உள்ளே இருப்பவர் முதலில் கூப்பிடட்டும் என்று நின்றதுபோல இருந்தது.

கணவர் தலையைத் திருப்பினார். நேராக அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

“யாரு, பெயிண்டரா? சட்டுப்புட்டுன்னு முடிச்சுட்டுப் போப்பா.”

அவளுக்கு உயிரே போய்விட்டது. இரண்டு வருஷம் கழித்து வந்த மனிதரைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது? அண்ணன் மூக்கு நுனி சிவந்தது. விருட்டென்று திரும்பினார். திரும்பிய வேகத்தில் வாளி நிலைக்கதவில் மோத, மாவு மூட்டை நழுவி அவர் கால் விரலிலேயே விழுந்தது.

“அடியாத்தி!”

“மச்சானா?” கணவர் பதறி எழப் பார்த்தார். மாவுக்கட்டு விடவில்லை. கையை மட்டும் நீட்டினார், அண்ணன் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அலமாரியைப் பார்த்து. “மச்சான், நிஜமாவே நீங்கதானா?”

“ஏன், மூக்கைப் பார்த்தா தெரியலையா?”

“தினமும் மேலேயே பார்த்துப் பழகிட்டேனா, கீழ இருக்கறதை நம்ப முடியல.”

அண்ணன் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தார். முடியவில்லை. நொண்டிக்கொண்டே உள்ளே வந்து, நீட்டிய கையைக் கவனிக்காதவர்போல மாவுக்கட்டின் மேல் விரல் கணுவால் தட்டினார்.

“யாரு போட்டது இது? ஓரமெல்லாம் பிசிறு. என்ன வேலை செய்யறாங்க!” என்றவர், கொஞ்சம் கழித்து, “வலிக்குதா மாப்பிள்ளை?” என்றார்.

“இப்ப இல்ல மச்சான்.”

அவள் சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அப்புறம் கேட்பானேன்! அண்ணன் ஏணியில், கணவர் படுக்கையில், இரண்டு பேரும் வீட்டை இரண்டாக்கினார்கள்.

“இன்னும் கொஞ்சம் இடது பக்கம் மச்சான்.”

“அது ஃபேன், மாப்பிள்ளை.”

“தெரியும், தெரியும். அதுக்கும் பக்கத்துல.”

“பேசாம முழுசையும் சுரண்டிட்டு, பட்டி பார்த்து, வழவழன்னு பண்ணிடலாம்னு பார்க்கிறேன்” என்றார் அண்ணன். “உண்மையைச் சொன்னா, அன்னிக்கே எனக்கும் வேர்க்குரு மாதிரிதான் பட்டுது. நீங்க முந்திக்கிட்டீங்களேன்னுதான் கோபம்.”

“சுரண்டறதா! கை வெச்சுப் பாருங்க. எவ்வளவு நேர்த்தியா இருக்கு! வேணும்னா மேல ஒரு பெயிண்ட் அடிங்க, போதும்.”

“பெயிண்ட் அடிச்சா உதிரும்.”

“சுரண்டினா தூசி பறக்கும்.”

“சாப்பிட்டுட்டுச் சண்டை போடுங்க” என்றாள் அவள்.

அண்ணன் சாப்பிட்டார். இரண்டு வருஷத்துக்கு முன் விட்டதையும் சேர்த்தே சாப்பிட்டார். சுரண்டுவதா, பூசுவதா என்று அன்றைக்கு முடிவாகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து நிதானமாகப் பேசி முடிவு செய்யலாம் என்று மட்டும் முடிவானது. அதற்கு அடுத்த ஞாயிறும் தேவைப்படலாம் என்றார் கணவர். அண்ணனுக்கும் அப்படித்தான் தோன்றியது.

அவரை வாசல் வரை அனுப்பிவிட்டு வந்து, தலையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டிருந்தபோது அழைப்புமணி அடித்தது. கண்ணாடிக் கடைப் பெண், கையில் சின்னப் பெட்டியோடு நின்றிருந்தாள்.

“ஐயாவோட கண்ணாடிம்மா. இப்பத்தான் போன் பண்ணி, உடனே கொண்டு வரச் சொன்னாரு.”

“அப்பாடா, ஒருவழியா லென்ஸ் வந்துடுச்சா?”

“அது வந்து ரொம்ப நாளாச்சேம்மா. எப்பக் கூப்பிட்டாலும், ‘மச்சான் வந்துட்டுப் போகட்டும், அப்புறம் கொண்டு வா’ம்பாரு” என்று பெட்டியை நீட்டிய பெண், உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “ஆனா பாவம்மா. இது இல்லேன்னா அவருக்கு மேலே ஃபேன் இருக்கறதுகூடத் தெரியாது. இத்தனை நாளா படுத்துக்கிட்டு என்னத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாரு?”