தினம் நாலு டெஸ்ட், வெள்ளி லீவு

"இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே டீச்சர், லீவு இல்லியா?" என்றாள் அம்மிணி.

ஹெட்மிஸ்ட்ரஸ் புஷ்பபாய் டீச்சர் குடையை மடக்க மறந்து முற்றத்திலேயே நின்றார். கொல்லயில் கிராமத்தில் பத்தொன்பது வருடமாகப் பள்ளிக்கூடம் நடத்துகிறவர். வெள்ளிக்கிழமை லீவு என்று அவரிடம் சொன்ன முதல் ஆள் அம்மிணிதான்.

"எந்த ஊரில லீவு?"

"மஸ்கட்டில."

"நீ எங்க நிக்கே?"

"இப்ப இங்க. ஏப்ரலில அங்க."

டீச்சர் பெருமூச்சு விட்டார். அம்மிணியின் பெண்கள் இரண்டு பேர். மூத்தவள் ஸ்வப்னா ஏழாம் வகுப்பு, இளையவள் பிரசீதா நாலாம் வகுப்பு. புதனும் வியாழனும் அவர்கள் பதினொன்றரை மணிக்குப் பள்ளிக்கு வந்தார்கள். ஏன் லேட் என்று கேட்டதற்கு, "வீட்டில மணி பத்துதான் டீச்சர்" என்று சின்னவள் தைரியமாகச் சொன்னாள். விசாரிக்கலாம் என்று வந்த இடத்தில்தான் இந்த வெள்ளிக்கிழமை.

அம்மிணி டீச்சரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினாள். சுவர்க் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே, சோற்றுப் பசை போட்டு ஒட்டிய ஒரு தாள்.

தாள் வந்தது பிப்ரவரி முதல் வாரம். அம்மிணியின் கணவன் சதாசிவன் எட்டு வருடமாக மஸ்கட்டில் இருக்கிறான். அங்குள்ள ஒரு இந்தியப் பள்ளிக்கூடத்தின் வண்டிப் பிரிவில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் வருவான். வந்த பத்தாம் நாளே திரும்பிப் போகிற நாளை அம்மிணி எண்ணத் தொடங்கிவிடுவாள். இந்தத் தடவை கடிதத்தில் எழுதியிருந்தான்: 'விசா ஏறக்குறைய ஆச்சு. ஏப்ரலில் இங்க ஸ்கூல் துடங்கும். பிள்ளைகளுக்கு நம்ம ஸ்கூலிலேயே இடம் சொல்லியாச்சு. டைம்டேபிள் இதோட வச்சிருக்கேன். இப்பமே பழகட்டு.'

அம்மிணிக்கு அந்தக் கடைசி இரண்டு வார்த்தைதான் மனதில் தைத்தது. கள்ளிக்காட்டில் குமாரி என்று அவளுக்கு ஒரு சினேகிதி உண்டு. குடும்பத்தோடு கல்ஃபுக்குப் போய், அங்குள்ள படிப்பும் நேரமும் பிள்ளைக்கு ஒத்துவராமல் மூன்றே மாதத்தில் திரும்பி வந்தவள். விமானம் ஏறும்போது அழுததைவிட இறங்கும்போது அதிகம் அழுதாள். தன் பெண்கள் அப்படித் திரும்பி வந்துவிட்டால் மறுபடியும் அந்த நாற்பத்தைந்து நாள்தான். 

தாளில் ஒரே கஷ்டம், மணிக்கு நேராக வெறும் இங்கிலீஷ் எழுத்துகள்தான் இருந்தன. அதனால் அவள் நேசையன் சாரைக் கூப்பிட்டாள். நேசையன் சார் பாறசாலையில் டியூஷன் எடுப்பவர். தெரியாது என்ற சொல் அவருக்குத் தெரியாது.

"டி ஒண்ணு, டி ரெண்டு, டி மூணு, டி நாலு. டின்னா டெஸ்ட். ஒரு நாளைக்கு நாலு டெஸ்டாக்கும்."

"நாலா!"

"பின்னே? கல்ஃப் படிப்புன்னா சும்மாவா? டபிள்யூன்னா ரைட்டிங். ஜின்னா ஜியாக்ரபி. இந்த ஆர் இருக்கே, எட்டு மணியில இருந்து பதினொண்ணு வர, அதாக்கும் ரெசிட்டேஷன். பாட்டு, பெருக்கல் வாய்ப்பாடு எல்லாம் உரக்கச் சொல்லணும்."

"மூணு மணிக்கூரா சார்?"

"நாவு திரும்பணுமில்லியா பிள்ளே."

கடைசி வரியில் 'ஃப்ரைடே ஆஃப்' என்று இருந்தது. அதற்கு மட்டும் சாரின் உதவி தேவைப்படவில்லை.

நாலு டெஸ்ட் அதிகமில்லையா என்று அம்மிணி சதாசிவனுக்குக் கடிதம் போட்டாள். பதினைந்தாம் நாள் பதில் வந்தது: 'ஸ்கூல் ரூலாக்கும். தாளில் என்ன உண்டோ அதை ஒண்ணும் விடாமல் செய்யணும்.' அதற்குப் பிறகு அவள் யாரையும் எதையும் கேட்கவில்லை.

புஷ்பபாய் டீச்சர் தாளைப் படித்துவிட்டு, "கொள்ளாம், நல்லாருக்கு. ஆனா எனக்க ஸ்கூல் திங்கள் முதல் வெள்ளி வரையாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மிணி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். வெள்ளி விட்டுப்போனதை ஞாயிற்றுக்கிழமை அனுப்பிச் சரிக்கட்டினாள். ஞாயிறு மதியம், பூட்டிய பள்ளியின் வராந்தாவில் இரண்டு பெண் குழந்தைகள் பையோடு உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்த ஊர்ப் பால்காரன் ராஜப்பன், பதறிப்போய் அவர்களைத் தன் சைக்கிளில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டான்.

"அக்கா, பிள்ளையளுக்கு சொகமில்லியா? ஆளில்லாத எடத்தில இருந்து ஏழேழு நாப்பத்தொம்பதுன்னு கத்துதுவ."

அன்றே அம்மிணி முடிவு செய்தாள். இரண்டு தோணியில் கால் வைக்க முடியாது. திங்கட்கிழமை போய் டி.சி. கேட்டாள். ஆண்டுப் பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. புஷ்பபாய் டீச்சர் தர மறுத்தார். அம்மிணி டி.சி. இல்லாமலேயே பெண்களைக் கூட்டிக்கொண்டு போனாள்.

வீட்டில் படிப்பு தொடங்கியதும் அடுத்த சிக்கல் முளைத்தது. அம்மிணிக்கு ஊர்ப் பால் சொசைட்டியில் வேலை. காலை ஆறரைக்கும் மதியம் இரண்டரைக்கும் பால் அளந்து வாங்க வேண்டும். மஸ்கட் ஐந்து மணி டெஸ்ட் நம்மூர் ஆறரைக்கு வருகிறது. மஸ்கட் ஒரு மணி டெஸ்ட் நம்மூர் இரண்டரைக்கு. அதாவது, ஊரில் பசு கறக்கும்போதெல்லாம் அங்கே பரீட்சை.

அவள் பெண்களை சொசைட்டிக்கே கூட்டிப்போனாள். கவிழ்த்து வைத்த பால் கேன்கள் மேஜையாயின. ஒரு கையால் பாலை அளந்துகொண்டே கேள்வி கேட்டாள்.

"ராஜப்பா, நாலு லிட்டர். கேரளத்தின் நீளமான ஆறு எது?"

"எனக்கெப்பிடி அக்கா தெரியும்?"

"உன்னிட்ட இல்ல. நீ பாத்திரத்த எடு."

மூன்றாம் நாள் ஸ்வப்னாவின் மார்க்கை ராஜப்பனின் பால் அட்டையில் எழுதிவிட்டாள். கொழுப்பு என்ற இடத்தில் முப்பத்தெட்டு. அட்டையை யாரும் சந்தேகப்படவில்லை. மறுவாரம் திருவனந்தபுரத்திலிருந்து ஜீப்பில் இரண்டு ஆபீசர்கள் வந்து, ராஜப்பனின் பசுவை முன்னும் பின்னும் போட்டோ எடுத்தார்கள். என்ன தீவனம் என்று கேட்டார்கள். ராஜப்பன் வெட்கத்தோடு, "வைக்கோல்தான் சார். ஆனா நல்ல இனமாக்கும்" என்றான். அவர்கள் பாலை எடுத்துச் சோதித்துவிட்டு, பசுவிடம் ஒன்றும் சொல்லாமல், அம்மிணியிடம் நிறையச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இனி சொசைட்டியில் டெஸ்ட் வேண்டாம். நேசையன் சாரே தன் வீட்டுத் தேங்காய் ஷெட்டில் வைத்து நடத்துவதாக ஏற்றுக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. தாளைப் பெரிதாக எழுதி ஒரு பலகையில் மாட்டினார். 'கல்ஃப் டைம்டேபிள் சென்டர்' என்று வாசலில் போர்டும் வைத்தார்.

பத்து நாளில் பதினாலு பிள்ளைகள். மஸ்கட்டில் அப்பா உள்ளவர்கள் மூன்று பேர். அப்பாவுக்கு விசா வரப்போகிறவர்கள் ஐந்து. மீதி ஆறு பேரின் அப்பாக்கள் பாஸ்போர்ட் எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

பதினாலு வீட்டுக் கடிகாரமும் ஒன்றரை மணி நேரம் பின்னால் போயிற்று. பஸ் நிறுத்தத்தில் மணி கேட்டால், "எந்த மணி?" என்று திருப்பிக் கேட்டார்கள். ஷெட்டுக்குப் பக்கத்து வீட்டு ரத்னபாய் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"சார், எனக்க கோழி முட்டையிட்டு ஒரு வாரமாச்சு. பதினாலு பேரு ஒண்ணிச்சு நெலவிளிச்சுக் கத்துனா அது எப்பிடி அடங்கி இருக்கும்?"

"ரெசிட்டேஷனாக்கும். இன்னும் ஒரு மணிக்கூர்."

"அங்க கோழியே கெடையாதா சார்?"

மார்ச் பாதி கடந்தது. பள்ளியில் பதினாலு பிள்ளைகள் குறைந்ததில் புஷ்பபாய் டீச்சருக்கு ஒரு டிவிஷன், அதாவது ஒரு வகுப்புப் பிரிவு, போய்விடும் நிலை. டிவிஷன் போனால் ஒரு டீச்சருக்கு வேலையும் போகும். அவர் ஆண்டுப் பரீட்சைக்காவது வாருங்கள் என்று ஆள் அனுப்பினார்.

"இன்னைக்கு நாலும் எழுதியாச்சு டீச்சர், இனி நாளைக்குத்தான்" என்று பிள்ளைகள் சொல்லி அனுப்பினார்கள்.

கடைசியில் டீச்சரே இறங்கி வந்தார். பரீட்சைத் தாள் கட்டும் அட்டெண்டன்ஸ் புத்தகமுமாகத் தேங்காய் ஷெட்டுக்கு வந்து, தன் கைக்கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் திருப்பினார். திருப்பும்போது ஒரு தடவை மேலே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்.

"கணக்குப் பரீட்சைய டி ரெண்டுல வச்சுக்கிடலாமா சாரே?"

"வச்சுக்கிடலாம் டீச்சர். மலையாளம் டி மூணுல" என்றார் நேசையன் சார் பெருந்தன்மையாக.

பிள்ளைகள் கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தார்கள். ஸ்வப்னாவுக்குத் தொண்டை கட்டிக் குரல் தவளை போல ஆகியிருந்தது. பிரசீதா உறக்கத்தில் வாய்ப்பாடு சொன்னாள். அம்மிணி அவளுடைய நெற்றியைத் தடவியபடியே, "இன்னும் கொஞ்சந்தான் மக்கா. அப்பாக்க பக்கத்தில போயிருலாம்" என்பாள். சொல்லும்போது அவளுக்கே கண் நிறையும். இவ்வளவும் சரிதானா என்று ஒரு நிமிடம் தோன்றும். உடனே குமாரியின் முகம் ஞாபகம் வரும். எழுந்து பென்சில் சீவ ஆரம்பித்துவிடுவாள்.

மார்ச் கடைசி வாரம் செங்கல் ஊரைச் சேர்ந்த லிண்டோ லீவில் ஊருக்கு வந்தான். சதாசிவனோடு ஒரே இடத்தில் வேலை, ஒரே அறையில் தங்கல். சதாசிவன் கொடுத்தனுப்பிய பார்சலோடு அம்மிணியைத் தேடி வந்தவனுக்கு, ஷெட்டுக்குப் போகச் சொல்லி வழி காட்டினார்கள்.

லிண்டோ நன்றாக இளைத்து, வெயிலில் கருத்துப்போய் இருந்தான். ஷெட்டுக்குள் நுழைந்ததும் பதினாலு பிள்ளைகளும் எழுந்து நின்று ஒரே குரலில், "குட் மார்னிங் சார்" என்றார்கள். நம்மூர் மணி பன்னிரண்டேகால்.

"என்ன சேச்சி இது, ஸ்கூலா?"

"உங்க ஸ்கூல்தான் லிண்டோ. உனக்க அண்ணன் அனுப்பின டைம்டேபிள். ஒரு நிமிஷம்கூட மாத்தல்ல."

லிண்டோ பலகைக்கு முன்னால் போய் நின்றான். மேலிருந்து கீழே படித்தான். கீழிருந்து மேலே படித்தான்.

"சேச்சி, இது டைம்டேபிள் இல்ல. எங்க பஸ் டிரைவர்மாருக்க டூட்டி சார்ட்டாக்கும்."



"டி ஒண்ணுன்னா டெஸ்ட் ஒண்ணுல்லா?" என்றார் நேசையன் சார். அவருடைய குரல் சற்று இறங்கியிருந்தது.

"டிரிப் ஒண்ணு சார். டபிள்யூ வாஷிங், வண்டி கழுவுகது. ஜி கராஜ், வண்டிப் பட்டறை."

"அப்ப அந்த ஆர் எழுத்து?" என்று தவளைக் குரலில் ஸ்வப்னா கேட்டாள்.

"ரெஸ்ட் மக்கா. அந்த மூணு மணிக்கூரும் கெடந்து உறங்கணும்."

பின் வரிசையில் ஒரு பெண் சத்தம் போட்டு அழ ஆரம்பித்தாள். நேசையன் சார் வாசலுக்குப் போய், போர்டைத் திருப்பி வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். புஷ்பபாய் டீச்சர் கைக்கடிகாரத்தை முன்னால் திருப்பினார்.

 அம்மிணி பலகையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவள் அம்மிணி. இன்னும் ஏப்ரலுக்கு ஐந்து நாள் இருக்கிறது. சரியான தாள் கிடைத்தால் ஐந்து நாளில் பழக்கிவிடலாம்.

"உனக்க அண்ணன் ரெண்டு தாளையும் மாத்தி வச்சிட்டாரு. போட்டு, பரவாயில்ல. அப்ப பிள்ளையளுக்க டைம்டேபிள் எங்க லிண்டோ?"

 லிண்டோ கையிலிருந்த பார்சலை மெல்லத் தரையில் வைத்தான். தன் தளர்ந்துபோன பெல்ட்டைப் பார்த்தான். கருத்துப்போன இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு பக்கத்தில் கிடந்த பெஞ்சில், பிள்ளைகளுக்கு நடுவே, அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அதாக்கும் சேச்சி எங்க டிரைவர்மார் ரூமில ஒட்டியிருக்கது… புது மேனேஜரு அதப் பாத்து, பதினாறு பேரையும் ரெண்டு மாசமா தெனமும் பத்தரை மணி வெயிலில கிரவுண்டில நிறுத்தி பி.டி. செய்ய வைக்காரு, சதாசிவண்ணனாக்கும் கிளாஸ் லீடர்!"