விசா கடலோடு போன விவரம்

சேசு மரி சூசை துணை

திருக்காட்டுப்பள்ளி
20.2.97

துபாய் வெயிலில் இன்னும் கறுத்துவிடாமல் இருக்க வேண்டிய அன்புக் கொழுந்தன் லியோவுக்கு, அண்ணி விண்ணரசி எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் அண்ணன், அவர் காலில் உள்ள ஏழு கொப்புளங்கள் எல்லோரும் சுகம். அங்கே உங்கள் சுகத்துக்கும், உங்கள் மண்டையில் மிச்சமிருக்கிற முடியின் சுகத்துக்கும் மாதாவை வேண்டுகிறேன்.

நீங்கள் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிய விசா வந்து சேர்ந்தது. முதலாளி வீட்டு வாசலில் மூன்று நாள் நின்று அண்ணனுக்காக வாங்கினீர்கள், இந்த மாதக் கடைசிக்குள் அவர் வந்து இறங்காவிட்டால் அது வெறும் காகிதம், எல்லாம் தெரியும். அந்த விசா கடலோடு போய்விட்டது. உட்கார்ந்துகொண்டு படியுங்கள் என்று முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் உங்கள் கம்பெனி வெள்ளைக்கார இன்ஜினியர்தான். அவர் லீவு விட்டால் பெண்டாட்டியோடு கடலோரமாக ஊர் ஊராக நடப்பாராம், ஒரு சோலியும் இல்லாமல். அங்கே உங்களோடு வேலை பார்த்த நாளிலிருந்து பன்னிரண்டு வருஷமாக இதை மனசில் வைத்திருந்த உங்கள் அண்ணன், சம்பா அறுப்பு முடிந்த மறுநாள், "வேளாங்கண்ணியிலேருந்து கோடியக்கரை வரைக்கும் நடப்பமா?" என்றார். "அதுக்குத்தான் பஸ்ஸு இருக்குல்ல" என்றேன். "பஸ்ஸுல போனா போய்ச் சேந்துடுவோம்டி" என்றார். இந்த மனுசனா துபாயில் லாரிக்குச் சரக்கு எண்ணி ஏற்றினார் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வேளாங்கண்ணிக்கு ஊரே நடந்து வரும், அதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அங்கிருந்து கிளம்பி தெற்கே நடந்து போகிறவர்களை யாரும் பார்த்ததில்லை போலிருக்கிறது, செருதூர் தாண்டுமுன்னே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அரசப்பன் என்கிறவர் எழுந்து ஓடிவந்து, "மாதா கோவில் வடக்கால இருக்குங்க, திரும்புங்க" என்றார். கும்பிட்டுவிட்டுத்தான் வருகிறோம் என்றோம். "பஸ்ஸ விட்டுட்டீங்களா?" இல்லை. "அப்ப மாதாகிட்ட ஏதும் கோவமா?" அதுவும் இல்லை, சும்மா நடக்கிறோம் என்றார் உங்கள் அண்ணன். "சும்மாவா?" என்று கேட்டவர், வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு எங்களைக் காட்டினார். அந்தம்மா எங்களைப் பார்த்துவிட்டு, பாவம் என்று மோர் கொடுத்தது. விழுந்தமாவடியில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா என்னைத் தனியாக இழுத்து, "எதுவா இருந்தாலும் சொல்லும்மா, பொண்ணு எவங்கூட ஓடிப்போச்சு?" என்று காதில் கேட்டது. நம் பிரின்ஸி திருச்சியில் நர்சு படிக்கிறாள், நான் என்ன சொல்ல? "பொண்ணு இல்லக்கா, நாங்கதான் ஓடிப்போறோம்" என்றேன். அந்த அக்கா சிரித்த சிரிப்பில் கருவாட்டுக்கு வந்த காக்காயெல்லாம் பறந்துவிட்டது. மத்தியானம் மத்திக் குழம்பும் சோறும் போட்டு, ஓடிப்போகிற ஜோடிக்கென்று ஒரு பாயும் கொடுத்தது. உங்கள் அண்ணன் வெட்கப்பட்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார், இந்த வயசில்.

தம்பி, அந்தக் கடலோரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. விடியும்போது கடல் எது வானம் எது என்று கோடு தெரியாது, நடுவில் ஒரு கட்டுமரம் மட்டும் எதன் மேலும் இல்லாமல் நிற்கும். ஈர மணலில் முன்னால் அவர் கால் தடம் விழும், நான் அதில் என் காலை வைத்து வைத்துப் போவேன், அலை வந்து இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். பேசவே தோன்றாது. என்னால் பேசாமல் இருக்க முடிகிறது என்றால் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் உட்கார்ந்து தண்ணீருக்கு அந்தப் பக்கம் பார்த்து, "லியோ தம்பீ!" என்று உங்களுக்குக் கை காட்டினேன். "அது பர்மாப் பக்கம்டி. துபாய் நமக்கு முதுகுப் பக்கம்" என்றார். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவருடைய ரப்பர் செருப்பு ஒன்றை அலை இழுத்துப் போனபோது மட்டும் சட்டையைக் கழற்றி மணலில் போட்டு, வேட்டியை மடித்துக்கட்டி, கழுத்தளவு தண்ணீர்வரை துரத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளப்பள்ளத்துப் பக்கம் ஒரு வாய்க்கால் கடலில் கலக்கிற இடம், இடுப்பளவு தண்ணீர். எதிர்க்கரையில் நண்டு பிடித்துக்கொண்டிருந்தவர், "பையத் தலையில வச்சுக்குங்க, இழுவை இருக்கு" என்று சத்தம் போட்டார். பையை வைத்தோம். பத்திரமென்று அவர் கையோடு கொண்டுவந்த விசாக் கவர் மட்டும், ஊரிலிருந்து கிளம்பியதிலிருந்து இருந்த மாதிரி, அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. நடுத் தண்ணீரில் "ஐயையோ, போச்சே!" என்றார் உங்கள் அண்ணன். பார்த்தால் பழுப்புக் கவர் குலுங்கிக் குலுங்கி கடலுக்குப் போகிறது. பிடிங்க பிடிங்க என்று நான் கத்த, அவர் பஸ் ஏற்றிவிட வந்தவர் மாதிரி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு கோடியக்கரை வரை அவர் நடையே வேறு, எனக்கு ஓட வேண்டியதாகிவிட்டது. அங்கே உப்பளத்துத் தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாக ஒற்றைக் காலில் நின்றன. ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று அவற்றை யாருமே கேட்கவில்லை.

ஆகவே நடந்தது மாதா சித்தம். தண்ணீர் இழுத்துப் போனதற்கு மனுசர் என்ன செய்வார், அண்ணனைத் திட்டாதீர்கள். உங்களுக்கும் உங்கள் வீட்டுக்காரிக்கும் சேசுநாதர் குளிர்ந்த காற்றும், லீவும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஐந்தாவது வரை படித்த அண்ணி,
விண்ணரசி

பி.கு.: இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருப்பது அந்த விசாதான், பயப்படாதீர்கள். கடல் தண்ணீர் பட்டுவிடுமே என்று கிளம்புமுன் நான்தான் அவருக்குத் தெரியாமல் எடுத்து அரிசி டின்னுக்குள் வைத்தேன். கவர் காலியாக இருந்தால் கண்டுபிடிப்பாரென்று, போன மாதம் முடிந்த நாகநாதன் மகள் கல்யாணப் பத்திரிகையை உள்ளே வைத்தேன். அதைப் படித்துவிட்டு மீனெல்லாம் கல்யாணத்துக்குப் புறப்பட்டிருக்கும். தண்ணீரில் இறங்கி அவர் இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்ததையும், நான் பார்க்கவில்லை என்று நினைத்து இரண்டு விரலால் கவரை எடுத்துத் தண்ணீரில் விட்டதையும் நான் பார்த்தேன். அவர் அதை என்னிடம் சொல்லவில்லை. டின் விஷயத்தை நானும் சொல்லவில்லை. விசாவை உங்கள் முதலாளியிடமே கொடுத்துவிடுங்கள், தம்பி. பக்கத்தில் வந்து நின்று, "லியோவுக்கு என்னடி இம்புட்டு நீளமா?" என்கிறார். "விசாவத் தொலைச்சதுக்கு உங்களத் திட்டி எழுதிக்கிட்டிருக்கேன்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "நல்லாத் திட்டி எழுது" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போகிறார். விசில் அடித்துக்கொண்டு போகிறார்.