பட்டாளத்துச் சட்டைகள்

தையற்காரர் ஜன்னலில் போர்வையைக் கட்டி முடிப்பதற்குள் எதிர்வீட்டு வாத்தியார் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"பாத்தீங்களா! பேப்பர்ல போட்டது சரியாப் போச்சு. உளவாளி பட்டப்பகல்லயே ஜன்னலை மூடுவானாம்!"

எதிரி நம் சிப்பாய்களின் உடுப்பில் வந்து இறங்குவதாகப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை ஓடிக்கொண்டிருந்தது. கதை எது, செய்தி எது என்று பிரித்துப் பார்க்க அப்போது யாருக்கும் பொறுமையில்லை. அந்த நேரம் பார்த்தா ஒரு நாடக மானேஜர் சிப்பாய்ச் சட்டைகளைத் தைக்கக் கொடுப்பார்?

"படையெடுப்பு நாடகம். அசலா இருக்கணும்" என்று சொல்லியிருந்தார். தைப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்றுதான் போர்வை.

"அந்தப் போர்வையைக் கழட்டித் தொலைங்க" என்றாள் மனைவி.

கழற்றினார். மேகமூட்டமாக இருந்ததால் விளக்கைப் போட்டார்.

"விமானத்துக்கு அடையாளம் காட்டறான்!" என்றது எதிர்வீட்டுக் குரல்.

"சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். உள்ள வந்து நீங்களே பாருங்க."

வாத்தியார் வந்தார். ஒரு சட்டையை உதறிப் பார்த்தார். பித்தான், தோள்பட்டி எல்லாம் அச்சு அசல்.

"நாடகத்துக்கு எதுக்குய்யா ரெட்டைத் தையல்?"

"கிழியக்கூடாதுன்னு மானேஜர் சொன்னாருங்க."

"மேடையில எங்கய்யா கிழியும்?"

வாத்தியார் நேரே போலீசுக்குப் போனார். இன்ஸ்பெக்டர் போலீசாருடன் ஜீப்பில் வந்து இறங்கியதும் தையற்காரர் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். உளவாளி என்று பிடிபட்டுப் போனவர்கள் யாரும் அதுவரை திரும்பியதில்லை.

"பல்லியைக் கண்டாலே அலறுவாருங்க. இவரா நாட்டைக் காட்டிக்கொடுப்பாரு?" என்று மனைவி அழுதாள்.

இன்ஸ்பெக்டர் சட்டைகளைப் புரட்டினார். தன் சட்டையையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"எனக்குத் தைச்சவன் இவர்கிட்ட பிச்சை வாங்கணும்" என்றவர், வாத்தியார் பக்கம் திரும்பினார். "கதையைப் படிச்சிட்டு ஊரை மிரட்டறீங்களா? " பிறகு போலீசாரிடம், "சட்டை மூட்டைகளைத் தூக்குங்க. நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன்."

கொட்டகை வாசலில் நின்ற மானேஜர், ஜீப்பைக் கண்டதும் வெளிறிப்போனார். மூட்டைகளைப் போலீசாரே இறக்கித் தந்த பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. "ஞாயித்துக்கிழமை நாடகம். எல்லாரும் வந்துடுங்க" என்றார்.

ஞாயிறு மாலை தையற்காரர் சலவைச் சட்டையில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். பின்னால் மனைவி. அவளுக்கும் பின்னால் வாத்தியார். நாடகத்தைக் கண்ணால் பார்த்த பிறகே மன்னிப்புக் கேட்பதாகச் சொல்லியிருந்தார்.

கொட்டகை வாசலில் காவற்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"நாடகம் எப்பங்க ஆரம்பம்?"

"நாடகமா? சண்டை வந்த அன்னைக்கே கொட்டகையை மூடியாச்சே. நம்ம பட்டாளம்தான் இங்க தங்கியிருந்துச்சு, காலையில பாலத்துக் காவலுக்குப் போயிட்டாங்க. புதுச் சட்டையில என்ன மிடுக்குங்கறீங்க!"